பாம்புப் பெட்டியும் மூன்றாவது நிரலும்



கடந்த கிழமை தரம் 7 மாணவன் ஒருவன் ஜாம் போத்தல் ஒன்றோடு விஞ்ஞான வகுப்புக்கு வந்தான். மூடியில் ஆணியால் அடித்த ஐந்தாறு துளைகள். உள்ளே கொஞ்சம் புல், சோடா மூடி ஒன்றில் தண்ணீர், ஒரு பாம்புக் குட்டி. கபில நிற உடம்பில் வெளிறிய பட்டைகள். பார்வைக்கு விஷமில்லாத ஓநாய்ப் பாம்பு போலத்தான் இருந்தது. ஆனால் எட்டடி விரியன் குட்டியும் கிட்டத்தட்ட இதே சாயல். மாறிப் பிடித்தால் உயிர் போகும். அதிபரிடம் சொல்லி, வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்து, போத்தலை ஒப்படைத்தோம். பாதுகாக்கப்பட்ட பாம்புகளைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் நம் நாட்டில் குற்றம். எது பாதுகாக்கப்பட்டது, எது இல்லை என்று பிள்ளைகள் பட்டியல் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பாம்பைப் பிடிக்கவே வேண்டாம்.

பையன் விடவில்லை. "வெளிநாட்டுல வளக்குறாங்கதானே சேர்? யூடியூப்ல பார்த்தன். கண்ணாடிப் பெட்டி, லைட், எல்லாம் இரிக்கி" என்றான்.

அவனுக்காக எங்கள் மருமகனின் பாம்புக் கதையை வகுப்பில் சொன்னோம். பாதிதான் சொன்னோம். மீதிப் பாதி பிள்ளைகளுக்குரியதல்ல, பெரியவர்களுக்குரியது. அதை இங்கே எழுதுகிறோம். வீட்டில் நாங்கள் இருவருமே ஆசிரியர்கள், ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் கணிதம். இருவருக்கும் பங்குள்ள கதை என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். ராத்தாவிடம் கேட்டோம். "பேரப் போடாம எழுதுங்க" என்றா.

ராத்தா குடும்பம் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில். மச்சானுக்குக் களஞ்சியசாலை ஒன்றில் வேலை. மகனுக்கு அப்போது 12 வயது. 2022 செப்டம்பரில் அவனுடைய கூட்டாளி ஒருவனின் குடும்பம் வேறு ஊருக்குப் போனது. போகும்போது வளர்த்த பாம்பை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு சிறு பெட்டிகள், தண்ணீர்க் கிண்ணம், எல்லாவற்றோடும்.

அது கோர்ன் ஸ்நேக் என்ற வகை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குச் சொந்தமானது. விஷமில்லை. செம்மஞ்சள் நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். நான்கைந்து அடி வளரும், நன்றாகப் பார்த்தால் 15, 20 வருடம் இருக்கும். மச்சான் முதலில் கேட்டது அந்த வருடக் கணக்கைத்தான். "அப்ப இவன் கலியாணம் முடிச்சிப் போனாலும் பாம்பு நம்மளோடதானா?" என்றார்.

அங்கே 2006ஆம் ஆண்டின் விலங்கு நலன் சட்டம் ஒன்று இருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு விலங்கை விற்கக் கூடாது. பிள்ளை வளர்க்கும் விலங்குக்குச் சட்டப்படி பொறுப்பு, பிள்ளையைப் பராமரிக்கும் பெரியவரே. அதற்குப் பொருத்தமான இருப்பிடம் கொடுக்காவிட்டால் அந்தப் பெரியவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பாம்பு மகனுடையது என்றாலும் கேள்வி மச்சானிடம்தான் வரும்.

உம்மாவுக்குத்தான் பெரிய அதிர்ச்சி. வீடியோ கோலில் பேரன் பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு "மூத்தம்மா!" என்று காட்ட, உம்மா போனையே தலையணைக்கடியில் வைத்துவிட்டா. "எண்ட றப்பே! ஊட்டுக்குள்ள பாம்ப வெச்சிக்கிட்டு எப்பிடி கண்ண மூடுற?" இங்கே மழைக்குப் புடையனும் நாகமும் கிணற்றடிக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே அதற்குப் பெட்டி கட்டி, பெயர் வைத்து, எலி வாங்கிக் கொடுக்கிறார்கள். பாம்பு வளர்க்கலாமா என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை, நாங்கள் அதற்குள் போகவில்லை. ஆனால் மருமகன் சொன்ன ஒன்று மனதில் நின்றது. பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடுக்காமல், அதைத் தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை அவன் மத்ரஸாவில் படித்திருக்கிறான். "மாமா, பாம்புக்குச் சாப்பாடு மாதிரித்தானே சூடும்? பெட்டிக்குள்ள பூட்டி வெச்சிட்டு சூடு குடுக்காட்டி அதுவும் அந்தப் பொம்புள செய்த மாதிரித்தானே?"

விஞ்ஞான ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம், இந்தக் கேள்வியை இப்படி யோசித்ததே இல்லை.

பாடப் புத்தகத்தில் ஊர்வனவைக் 'குளிர் இரத்தப் பிராணிகள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். பாம்பின் இரத்தம் எப்போதும் குளிராக இருப்பதில்லை. நம்மைப்போல உணவை எரித்து உடம்புச் சூட்டைக் காப்பாற்ற அதனால் முடியாது, அவ்வளவுதான். சூட்டை வெளியிலிருந்து எடுக்க வேண்டும். காலையில் வெயிலில் படுக்கும், உச்சி வெயிலுக்கு வளைக்குள் போகும், இரவில் சூடேறிய கல்லோடு ஒட்டிக்கொள்ளும். நகர்ந்து நகர்ந்துதான் அது தன் உடம்புச் சூட்டைச் சரிசெய்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் போட்டுவிட்டால் எங்கே நகர்வது?

அதனால் பெட்டி முழுவதும் ஒரே சூடாக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம். எந்தப் பக்கம் வேண்டும் என்று பாம்பே தீர்மானிக்கும். கோர்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 30 பாகை செல்சியஸ், குளிர்ப் பக்கம் 22 முதல் 24 பாகை போல இருந்தால் நல்லது. சூட்டுக்குத் தொட்டியின் மூன்றிலொரு பங்குக்குக் கீழே 'ஹீட் மெட்' என்ற தட்டையான மின் விரிப்பைப் போடுவார்கள். அதோடு கட்டாயம் தேர்மோஸ்டாட் வேண்டும். சூடு அளவைத் தாண்டினால் மின்சாரத்தை நிறுத்தி, குறைந்தால் மீண்டும் கொடுக்கும் கருவி அது. அது இல்லாமல் மெட்டை மட்டும் பிளக்கில் போட்டால் பாம்பின் வயிறு வெந்துபோகும். கீழிருந்து வரும் சூட்டைச் சட்டென்று உணர்ந்து விலகப் பாம்புக்குத் தெரியாது, படுத்த இடத்திலேயே சூட்டுக் காயம் வரும்.

கையால் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்வதும் பிழை. நம் உள்ளங்கையே 30 பாகைக்கு மேல் இருக்கும். அதனால் 30 பாகை நமக்குச் சூடாகத் தெரியாது. வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒக்டோபரில் ஒரு நாள் மருமகன் கேட்டான்: "மாமா, மூத்தம்மாட விறாந்த எத்தன பாகை?" பாடசாலை ஆய்வுகூட வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் தொங்கவிட்டோம். பகலில் நிழலில் 29, 30. விடியற்காலை கிணற்றடியில் 24. அனுப்பினோம். "அப்ப எங்கட பெட்டிக்குள்ள ஒங்கட ஊர்தான் இரிக்கி!" என்று எழுதினான். அவனுடைய சூடான பக்கம் எங்கள் விறாந்தை, குளிர்ப் பக்கம் எங்கள் கிணற்றடி. அவன் இரண்டே தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறான். அன்றிலிருந்து பெட்டியின் சூடான பக்கத்தை அவன் 'மூத்தம்மா வீடு' என்றுதான் சொல்வான். உம்மாவிடம் சொன்னோம். "பாம்புக்கு எண்ட ஊட்டப் பேரா?" என்று ஏசினாலும் சிரித்துவிட்டா.

அவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம். கல்வியியற் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்வார்: எதை அளந்தாலும் சூழலையும் சேர்த்து அளந்து எழுதுங்கள், பிறகு உதவும். அதன்படி ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடச் சொன்னோம். சூடான பக்கம், குளிர்ப் பக்கம், அறை. காலையும் இரவும் எழுதி, ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளை ஒரு நாள் தவறாமல் எழுதினான். ஒவ்வொரு ஞாயிறும் படம் வந்தது. நாங்களும் ஒவ்வொரு ஞாயிறும் 'மாஷா அல்லாஹ்' என்று எழுதி, பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த செய்தியைப் பார்க்கப் போனோம். எங்கள் தவறு அங்கேதான்.

அந்த வருடத்தை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா இல்லை. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது. உம்மாவின் பிரஷர், சீனி மருந்துகளுக்குக் கல்முனையில் ஏறாத பாமசி இல்லை. கிடைத்தாலும் விலை மூன்று மடங்கு. இரண்டு ஆசிரியர் சம்பளமும் மாதம் இருபதாம் திகதியோடு முடிந்துவிடும். ராத்தா ஏப்ரலில் இருந்து ஒவ்வொரு மாதமும் 100 பவுண் அனுப்பினா. அப்போதைய மாற்று விலைக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். நாங்கள் கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டாம் மாதத்துக்குப் பிறகு அந்தக் காசை மாதக் கணக்கில் சேர்த்தே எழுதத் தொடங்கிவிட்டோம்.

டிசம்பர் வந்தது. மண்டோஸ் புயல் கரைக்கு அப்பால் போனபோது நம் பக்கமும் குளிர் காற்று அடித்து, வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தது நினைவிருக்கும். காற்று மாசு என்று 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை பாடசாலைகளுக்கும் லீவு. நனைந்த மாடு காற்றில் நின்றால் சாகும் என்பதை அந்த இரண்டு நாளில் கண்ணால் கண்டோம். மருமகனிடம் சொன்னோம். அவன் "இங்கயும் சரியான குளிர் மாமா, தண்ணி எல்லாம் உறைஞ்சிரிச்சி" என்றான். அந்தக் கிழமை இங்கிலாந்து முழுவதும் இரவில் பூச்சியத்துக்குக் கீழே போன கிழமை.

11ஆம் திகதி ஞாயிறு இரவு குரல் செய்தி வந்தது. அழுகிறான். வெள்ளிக்கிழமை பாம்புக்கு எலி கொடுத்திருக்கிறான். ஞாயிறு பின்னேரம் அது முழு எலியையும் வெளியே கக்கிவிட்டது. செரிக்கவே இல்லை. பாம்பு அசையாமல் கிடக்கிறது. தேர்மோஸ்டாட்டில் 30 வைத்திருக்கிறான், விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பெட்டி சூடாகவில்லை. "மெட் பழுதாப் போச்சு மாமா. புதுசு வாங்கச் சொல்லி வாப்பாட்ட சொல்லவும் ஏலாது."

ஏன் ஏலாது என்று அப்போதும் நாங்கள் கேட்கவில்லை.

செரிக்காமல் கக்கியதற்குக் காரணம் விளங்கியது. பாம்பின் வயிற்றில் நொதியங்கள் வேலை செய்ய உடம்புக்குச் சூடு வேண்டும். சூடில்லாத உடம்பில் உணவு செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்கும், கக்குவதுதான் பாம்பு தப்பிக்கும் வழி. பெட்டிச் சூடு சரியாகும்வரை, அதற்குப் பிறகும் குறைந்தது பத்து நாள் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் நுரை வந்தாலோ உடனே மிருக வைத்தியரிடம் காட்டு என்று சொன்னோம். பிறகு மெட் ஏன் பழுதானது என்று பார்க்க, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, கொப்பிப் பக்கங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தோம்.

எங்களில் கணிதம் படிப்பிப்பவர்தான் கண்டுபிடித்தா. ஒக்டோபரில் சூடான பக்கம் 30, அறை 19. நவம்பர் நடுவில் 27, அறை 16. டிசம்பர் 4இல் 25, அறை 14. அன்று 23, அறை 12. ஒவ்வொரு நிரையிலும் முதல் நிரலிலிருந்து மூன்றாவதைக் கழித்தா. 11, 11, 11, 11.

மெட் பழுதில்லை. அந்தச் சிறிய மெட் முழுநேரமும் எரிந்தாலும் அறையைவிட 11 பாகைதான் கூட்டும். கண்ணாடி சூட்டைப் பிடித்து வைக்காது. உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசம் கூடக்கூட வெளியே போகும் சூடும் கூடும், ஓரிடத்தில் வருவதும் போவதும் சமமாகி நின்றுவிடும். மெட் தன் வேலையைச் செய்தது. குளிர்ந்தது வீடு.

மூன்றாவது நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தோம். 19, 16, 14, 12. இரவில் 10 என்றும் இரண்டு இடத்தில் இருந்தது. பிள்ளை படுக்கிற அறை அது.

எங்களுக்குக் குளிர் பற்றிய அனுபவம் இல்லை, நுவரெலியாவுக்கு ஒரு சுற்றுலா போனதைத் தவிர. அதனால் கொஞ்சம் படித்துப் பார்த்தோம். குளிர் காலத்தில் வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. பிறகு ராத்தாவின் வீடியோ கோல்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நவம்பரிலிருந்து எப்போதும் தடித்த ஜெக்கட்டோடுதான் பேசுவா. சமையலறையிலும் ஜெக்கட், தொழுகை விரிப்பிலும் ஜெக்கட். "வெளிய போகப் போறீங்களா ராத்தா?" என்று ஒரு தடவை கேட்டோம். "ஓம், இப்பதான் வந்த" என்றா. நம்பினோம்.

மறுநாள் பாடசாலை விட்டு வந்து எடுத்தோம். உம்மா லுஹர் தொழுதுவிட்டுப் படுத்திருந்தா. முற்றத்தில் நின்று மெதுவாகப் பேசினோம்.

"ராத்தா, ஊட்டுல ஹீட்டர் போடுறல்லயா?"

"போடுறதுதான். ஏன்?"

"12 பாகை இரிக்கி."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அவன் அந்தக் கொப்பிய ஒங்களுக்கு அனுப்புறானா?" என்றா.

பிறகு எல்லாம் வந்தது. ஓகஸ்டிலிருந்து மச்சானுக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அங்கேயும் அந்த வருடம் மின்சாரமும் காஸும் விலை ஏறியது. அவர்கள் வீட்டு மீட்டர் முன்கூட்டியே காசு போடும் வகை, நாங்கள் போனுக்கு ரீலோட் போடுவதுபோலக் கடையில் போட வேண்டும். 10 பவுண் போட்டால் குளிர் நாட்களில் இரண்டு நாளும் வராது. அதனால் பிள்ளை பள்ளியால் வந்து இரண்டு மணித்தியாலம் மட்டும் ஹீட்டர், அதுவும் கீழே இருக்கும் அறைக்கு மட்டும். மேலே படுக்கைக்கு மூன்று போர்வை.

"அப்ப ஏன் மாசா மாசம் சல்லி அனுப்பினீங்க?"

"உம்மாக்கு மருந்து வாணாமா?" என்றா ராத்தா. "எங்களுக்கு ஜெக்கட் இரிக்கி. பாம்புக்குத்தான் ஜெக்கட் இல்ல."

சிரிக்க வைப்பதற்காகத்தான் சொன்னா. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாம்புக்குச் செலவாகிறது என்று நினைத்து மெட்டை நிறுத்திவிடலாமா என்றும் மச்சான் யோசித்திருக்கிறார். அதை மட்டும் உடனே கணக்குப் போட்டுக் காட்டினோம். மெட் 20 வாட். இரவு பகல் 24 மணித்தியாலமும் எரிந்தாலும் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே அப்போது ஒரு யூனிட் ஏறக்குறைய 34 பென்ஸ். நாளுக்கு 16 பென்ஸ், மாதத்துக்கு 5 பவுண் போல. வீட்டின் குளிருக்குக் காரணம் பாம்பு இல்லை.

பாம்புக்கு என்ன செய்யலாம் என்று மருமகனோடு இருந்து ஒரு மாலை முழுவதும் பேசினோம். தொட்டி வெளிச்சுவரோடு ஒட்டி, நிலத்தில், ஜன்னலுக்குக் கீழே இருந்தது. மூன்றும் பிழையான இடம். ரெஜிபோம் அட்டைகளை வெட்டிப் பின்பக்கமும் இரண்டு ஓரங்களும் ஒட்டச் சொன்னோம். டிவி வாங்கின பெட்டிக்குள் வருமே, அது. மூடியில் பாதிக்குத் துணி, காற்றோட்டத்துக்கு மீதிப் பாதி திறந்தபடி. மெட்டுக்கு மேலே துணி எதுவும் போடக் கூடாது, தீ ஆபத்து. மீட்டரில் காசு முடிந்து மின்சாரம் நின்றால் சுடுதண்ணீர்ப் பையைத் துவாயில் சுற்றித் தொட்டிக்கு வெளியே சாய்த்து வைத்து, முழுவதையும் போர்வையால் மூடலாம். கொதிநீர்ப் பையை நேரே பாம்புக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டுக் காயம். குளிர்ந்த பாம்பை அவசரப்பட்டுச் சூடாக்கவும் கூடாது, சில மணித்தியாலங்களில் மெல்ல மெல்ல ஏற வேண்டும்.

ஆனால் எந்த அட்டையை ஒட்டினாலும் அந்த 11, 14 ஆகலாம், 15 ஆகலாம். அறை 12இல் இருந்தால் 28ஐத் தொடாது. ஒரே வழி, வீட்டில் சூடான அறை எதுவோ அங்கே தொட்டியைக் கொண்டுபோவது. அது கீழே இருக்கும் இருக்கை அறை. ராத்தா செப்டம்பரிலேயே சொல்லியிருந்தா, அந்தச் சாமான் மாடியை விட்டுக் கீழே வந்தால் தான் வீட்டை விட்டுப் போவதாக.

நாங்கள் சொன்னோம், பாம்பு மட்டும் இல்லை, நீங்களும் எல்லோரும் கீழே வாருங்கள். ஒரு அறையைச் சூடாக்க முடியுமென்றால் மூன்று பேரும் அந்த அறையில் படுங்கள். சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் ஒரே பாயில் படுத்தவர்கள்தானே. அனுப்பும் காசை நிறுத்தி மீட்டரில் போடுங்கள்.

"உம்மாக்கு என்ன சொல்லுற?"

உம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தா. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. போனைக் கையில் வாங்கினா. ராத்தாவைத் திட்டுவா என்று நினைத்தோம். "மகள், எனக்கு மருந்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரில குடுக்குறாங்க. இனி ஒரு சல்லி அனுப்பினா நான் அந்த மருந்தயும் குடிக்க மாட்டன்" என்றா. ஆஸ்பத்திரியில் அந்த மாதம் பாதி மருந்து இல்லை. உம்மாவுக்கும் அது தெரியும், ராத்தாவுக்கும் தெரிந்திருக்கும்.

நாங்கள் மாலையில் இரண்டு ட்டியூஷன் வகுப்பு கூடுதலாக எடுத்தோம். மோட்டார் சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டு ஒருவர் சைக்கிளில் போனோம். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, ஏப்ரலிலேயே செய்திருக்க வேண்டியது.

அந்த ஞாயிறு, 18ஆம் திகதி, உலகக்கிண்ண இறுதிப் போட்டி. ஆர்ஜென்டினாவும் பிரான்சும். வீடியோ கோலில் பார்த்தோம்: கீழ் அறையில் நிலத்தில் மெத்தை, மூன்று பேரும் ஒரே போர்வைக்குள், எதிரே டிவி. மூலையில் ரெஜிபோம் ஒட்டிய தொட்டி. மூடியின் மேல் 5 கிலோ பாஸ்மதி அரிசிப் பை ஒன்று. "பூட்டு இரிக்கிதானே, ஏன் அரிசி?" என்றோம். "பூட்ட நம்புறல்ல" என்றா ராத்தா. ஜெக்கட்டைக் கழற்றியிருந்தா. பல மாதத்துக்குப் பிறகு அவவின் கை முழங்கையைக் கண்டோம்.

பாம்பு அன்று சூடான பக்கத்தில் மெட்டுக்கு மேலே சுருண்டு கிடந்தது. 29. டிசம்பர் கடைசியில் வழக்கமானதைவிடச் சிறிய எலி ஒன்றைக் கொடுத்தான். கக்கவில்லை.

வகுப்பில் அந்தப் பையனுக்குச் சொன்னது இந்த மெட், தேர்மோஸ்டாட், 11 பாகைக் கதையை மட்டும்தான். கேட்டுவிட்டு, "அப்ப போத்தலுக்குள்ள எண்ட பாம்பு வெயில்ல இருந்திருந்தா?" என்றான். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டோம். குசினி ஜன்னலில், வெயில் படுகிற இடத்தில், ஒரு நாள் முழுவதும். நகர இடமில்லாத கண்ணாடிப் போத்தலில் அது இன்னும் ஒரு பகலைத் தாண்டியிருக்காது. அவன் முகத்தைப் பார்த்து மேலே எதுவும் சொல்லவில்லை.

2023 மார்ச்சில் மருமகன் ஒரு படம் அனுப்பினான். பாம்பு தோலுரித்திருக்கிறது, தலை முதல் வால் வரை ஒரே துண்டாக, கண்ணின் மேல் உள்ள மெல்லிய மூடி உட்பட. சூடும் ஈரமும் சரியாக இருந்தால்தான் அப்படி முழுதாகக் கழன்று வரும், துண்டு துண்டாக வந்தால் எங்கேயோ பிழை. பெருமையோடு தோலை விரித்துப் பிடித்திருந்தான். உம்மாவிடம் காட்டினோம். இந்தத் தடவை போனைத் தலையணைக்கடியில் வைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தோலைப் பார்க்காமல், பின்னால் சுவரில் தொங்கிய வெப்பமானியைப் பெரிதாக்கிப் பார்த்தா. இலக்கம் தெளிவாகத் தெரியவில்லை.

"கேளு," என்றா. "அறை எத்தனையாம்?"

கேட்டோம். 18 என்று வந்தது.

"இரவைக்கு?"